கைவிரித்த எழுத்து

நார்விச் நகரம். ஜனவரிப் பனி.
மூன்று தொகுதி நாவல் ஒன்றுக்கு
அச்சுக் கோக்கிறான் எஃப்ரம் டடன்ஹம்.
சீமாட்டிகள் அவன் விரலிடுக்கில்
ஈயமாய் வந்து வருந்துகிறார்கள்.

கையுறை ஒன்று தொலைந்தது: அளவிறந்து கலங்கினாள்.
மழை வந்து விருந்து நின்றது: சொல்லொணாதபடி நொந்தாள்.
பாதிரியார் தேநீருக்கு வந்தது மிக மிக இனிது,
அவர் போனது
பயங்கரமான நிம்மதி.

சால, உறு, தவ, நனி என்று
நாம் முன்னால் பூட்டும் குதிரைகளை
அவர்கள் சொல்லின் வாலில் கட்டினார்கள்:
லி.
எதன் பின்னாலும் ஓடிவரும் ஒரு லி.

ஒவ்வொரு லிக்கும் ஓர் ஒய் செலவு.
வெரி என்று எழுதினாலும் கடைசியில் ஓர் ஒய்.
இரண்டு கையையும் மேலே விரித்து
ஒற்றைக் காலில் நிற்கிற எழுத்து.
காலை பத்து மணிக்கு அதன் குழி காலி.
பெட்டியே கைவிரித்துவிட்டது.

“அந்த அம்மாளின் மைக்கூட்டில்
யாராவது தண்ணீர் ஊற்றுங்களேன்!”
ஃபோர்மேன் கேதர்கோல் கத்தினார்.
எஃப்ரம் சிரிக்கவில்லை.
ஆயிரம் எழுத்துக்கு ஆறு பென்ஸ்.
இடைவெளியோடு ஒரு வெரிக்கு ஐந்து.
இருநூறு வெரி சேர்ந்தால் ஒரு ரொட்டி.
அந்த அம்மாள் வாழட்டும், நனி வாழட்டும்.

மூன்றாம் தொகுதியில்
தம்பி கப்பலோடு மூழ்கிய கடிதம் வருகிறது.
‘அவள் மிகவும் மௌனமாக இருந்தாள்’
என்று அவன் கோத்துக் கொடுத்த படி
மிஸ் லெட்டிஷியா ஸ்கார்ஃபிடமிருந்து திரும்பியபோது
அந்த ஒரு ‘மிகவும்’ மட்டும்
சிவப்பு மையில் அடிபட்டிருந்தது.
ஐந்து எழுத்து நட்டம்.
பத்தி முழுவதையும் தள்ளித் தள்ளி அடுக்கினான்.
எழுநூறை விட்டுவைத்தவள்
இதை ஏன் பிடுங்கினாள் என்று
நடந்துபோகும்போது யோசித்தான்,
பாலத்தில் சறுக்கியதும் மறந்தான்.

வீட்டில் கெஸையா
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
துணி வேகவைத்த அண்டா சாய்ந்ததாம்.
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
பன்றிக்கொழுப்பும் மாவும் அப்பியிருந்தாள்.

“வலிக்கிறதா?”
“கொஞ்சம்.”

இருபத்திரண்டு வருடமாக
ஈயத்தை இடவலம் மாற்றிப் படித்தவன்.
அந்தக் கொஞ்சத்தையும்
அப்படியே படித்தான்.

தொப்பி எடுக்கவில்லை.
மருந்துக்கடை மாடியில் விளக்கு அணைந்திருந்தது.
கதவை உடைப்பதுபோலத் தட்டினான்.
ஜன்னலில் இரவுக் குல்லாயோடு ஒரு தலை.
“அவசரமா?”

“கொஞ்சம், ஐயா.”

அவரும் அந்த ஊரில் பிறந்தவர்தான்.
காலுறை தேடாமல் இறங்கினார்.