காலி எடை

பகாவ் பசாரில்
சந்தான் பிழிகிறவருக்கு என் முகம் பழகிவிட்டது.
தண்ணீர் சேர்க்காத முதல் பால், இரண்டு கிலோ.
"வீட்ல விசேஷமா அண்ணே?"
பதினோராவது வாரமாகக் கேட்கிறார்.

விசேஷம்தான்.
புஷ்பலீலாவின் தட்டிலிருந்து சோறு போய்விட்டது,
தோசை போனது, தேநீரில் சீனி போனது.
மிக்சியில் முட்டை மஞ்சள், வெண்ணெய், அவகாடோ,
கெட்டியாக, இன்னும் கெட்டியாக.
தண்ணியாய் இருந்தால் புரையேறும்.
ஒரு கரண்டிக்கு மூன்று விழுங்கல்.
ஒரு கோப்பை இறங்குவதற்குள்
ஆஸ்ட்ரோவில் ஒரு நாடகம் முடிந்துவிடும்.

சிரம்பான் டாக்டர்
மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.
"மோட்டார் நியூரானுக்கு இதுதான் மருந்தென்று
யாரும் நிரூபிக்கவில்லை, மிஸ்டர் குணராஜா.
எடை மட்டும் இறங்கக் கூடாது.
இறங்கினால் என்னிடம் வாருங்கள்."

கொழுப்பாம்!
இருபத்தொரு வருஷம் செம்பனைக் குலை ஏற்றியவன் நான்.
சட்டையில், ஸ்டியரிங்கில், தலையணையில்கூட ஆலை வாடை.
ஊரைச் சுற்றி எண்ணெய்தான் நிற்கிறது
மரம் மரமாக.
அதில் எந்தத் துளி
அவள் விரலை மடக்க வைக்கும்?

ஞாயிறு காலை எடை பார்க்கும் நேரம்.
அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவேன்.
மொத்தத்தில் என்னைக் கழித்தால் அவள்.
நாற்பத்தாறு. மறுபடி நாற்பத்தாறு. நாற்பத்தைந்தரை.

போன வாரம் நூற்றுப் பதினாறு காட்டியது.
"நான் எழுபது. அப்ப நீ நாப்பத்தாறு" என்றேன்.
நான் எழுபத்துமூன்று.

யாரிடம் சொல்கிறோம் என்பது மறந்துவிட்டது.
ஆலையில் தராசுக் கிராணி அவள்.
தொண்ணூற்றெட்டில் ஒரு மழை நாள்,
காலி லாரியின் எடையில்
முன்னூறு கிலோ குறைத்துச் சொன்னேன்.
கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னிருந்து
நிமிராமலே சொன்னாள்:
"கொட்டிட்டுத் திரும்ப ஏத்து. காலியா பாக்கணும்."
அன்று வந்தது பயம்.
ஆறு மாதத்தில் கல்யாணம்.

இப்போது பேச்சு இல்லை.
எழுத்துப் பலகையில் கண் நகர்ந்தது.
கா.
வெகுநேரம் கழித்து
லி.
அதோடு இமையை மூடிக்கொண்டாள்.

நாற்காலியில் அவளைச் சாய்த்து
கழுத்துக்குத் தலையணை அண்டக் கொடுத்து
தராசில் ஏறி நின்றேன்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.