சேம் சைடு

களியக்காவிளையில் சோதனைச் சாவடிக்கு எதிரே
உதிரிபாகக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தினால்
கைபேசி கேரளத்துக்கு வரவேற்கிறது,
இழுத்துப்போட்டால் தமிழ்நாட்டுக்கு.
நான் வேலை பார்ப்பது பரோயே தீவுகளில்.

பத்து அணி, இருபத்தேழு சுற்று.
மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடியும்.
ஆட்டத்துக்கு ஆயிரத்து எழுநூறு சொடுக்கு:
பாஸ் என்றால் ஒன்று, தலையால் முட்டினால் நான்கு,
கால் வாரினால் ஒன்பது.
பந்து வேலி தாண்டி
செம்மறியாடுகளுக்கு நடுவே விழுந்தால் என்ன எண்?
பிபினிடம் கேட்டேன்.
‘வெளியேன்னு போடு கொச்சே.’

புல் முளைத்த கூரைகள்.
அதற்குப் பின்னால் கடல்,
மார்ச்சிலேயே ஆடிமாசக் கடல்.
பெனால்ட்டி அடிக்க ஒருவன் ஓடிவர
அவன் ஆளே ஒருவன் குப்புறப் படுத்து
காற்றில் உருளாமல் பந்தை விரலால் பிடித்திருக்கிறான்,
கல்லறைத் திருநாளில்
மெழுகுவர்த்திக்குக் கை மறைப்பதுபோல.
அதற்கும் எண் இல்லை.

நீலக் கோட்டுச் சட்டை, எண் ஐந்து.
பெயர் பட்டியலில் உண்டு, என் நாக்கில் நிற்காது.
தப்பு செய்தால் வலது காதைப் பிடித்து
ஒரே ஒரு இழுப்பு.
எங்கள் கிளீட்டசும் அப்படித்தான்.
சின்னத்துறை மணலில்
அந்தோணியார் திருநாள் கோப்பைக்கு மூன்று வருஷம் ஸ்டாப்பர்.
ஆழ்கடலுக்குப் போனால்
காதை இழுக்கக் கை ஓயாது அவனுக்கு.

மே மாதம் ஐந்து காணாமல் போனான்.
வர்ணனையாளர் ஏதோ சொன்னார், சிரித்தார்.
காயமோ, கல்யாணமோ.
ஏழு சுற்று கழிந்து வந்தான்,
முகம் உப்பில் காய்ந்து,
உள்ளங்கை இரண்டிலும் வெள்ளைத் துணி.
த்ரோ எறியக் கையைத் தூக்கியபோது
படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன்.
கயிறு அறுத்த கை.
அதற்கு எங்கள் வீட்டில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும்.
அங்கே என்ன தேய்ப்பார்களோ.
‘உறங்கியா?’ என்றான் பிபின் பின்னால் நின்று.

தடைக்காலம் முடிந்து
தோப்பும்படியிலிருந்து கிளீட்டசின் போட் இறங்கியது.
நாற்பது நாள் என்றான்.
ஐம்பத்தெட்டாவது நாள்
எனக்குக் கடைசிச் சுற்று.
அண்ணி மூன்று முறை கூப்பிட்டாள்,
மூன்று முறையும் ‘ஒண்ணுமில்ல, சும்மா’ என்றாள்.

டிரா போதும், நீலக் கோடு தப்பிக்கும்.
எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை ஒன்றுக்கு ஒன்று.
இடதுபக்கமிருந்து ஒரு கிராஸ்,
காற்று அதை வளைத்தது,
ஐந்தின் முழங்காலில் பட்டு
அவன் வலைக்குள்ளேயே போனது.
பக்கத்தில் எதிரணிப் பதினொன்றின் பூட்ஸ் தூக்கியிருந்தது உண்மை.
இருப்பது ஒரே கேமரா, அதிலும் மழைத்துளி.
அவன் காதை இழுத்தான்.
விடவே இல்லை.
நான் பதினொன்றின் கணக்கில் கோலை எழுதினேன்.

காலையில் சிவப்பில் திரும்பி வந்தது.
சேம் சைடு, எண் ஐந்து. கவனம் தேவை.
இருநூறு ரூபாய் பிடித்தம்.
‘கண்ணு தெரியாதோ உனக்கு?’
‘தெரிஞ்சுது அண்ணா.’
பிபின் என்னைப் பார்த்தான், பிறகு
சாயாவுக்கு ஆள் எண்ணப் போய்விட்டான்.

வியாழக்கிழமை, தெரியாத எண்.
‘மல்பேயில கரை பிடிச்சோம் மக்கா, எஞ்சின் போச்சு,
இழுத்துட்டு வந்தாங்க...’
இரைச்சலாக இருந்தது.
தெளிவாகக் கேட்க ஜன்னலோரம் போனேன்.
கேரளம் வரவேற்றது,
அண்ணன் குரல் அறுந்தது.
பரவாயில்லை. மல்பே என்று கேட்டுவிட்டதே.
அண்ணிக்கு அந்த ஒரு சொல்லை அனுப்பினேன்.

நீலக் கோடு இரண்டாம் பிரிவுக்குப் போய்விட்டது.
அந்தப் பிரிவை யாரும் எண்ணச் சொல்வதில்லை.
இந்த வாரத்திலிருந்து எனக்கு மால்டா.
வெயில், மஞ்சள் கல் சுவர்,
வைத்த இடத்திலேயே நிற்கிறது பந்து.
அடிக்கிறவன் ஓடிவருவதற்குள்
இன்னும் என் விரல்
திரையை நோக்கிப் போய்விடுகிறது.