எண் தராத கேள்வி

தாளில் ஓர் எண்கூட இல்லை:
வி, தீட்டா, எம், ஜி.
"அச்சுப் பிழையா?" எழுந்து கேட்டான் ஃபௌஸ்தோ.
வாய்ரா அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தாள்.

காற்றுத்தடையைப் புறக்கணிக்க.
எல் ஆல்டோவில்
அது ஒன்றும் சிரமமில்லை.

எம் இருபுறமும் இருந்தது, அடித்தாள்.
பந்தோ, பாதி கட்டிய மாடியிலிருந்து
யாரோ எறிந்த செங்கல்லோ,
போகும் வழி ஒன்றுதான்.

தீட்டாவைச் செங்கோணமாக்கிப் பார்த்தாள்:
நெடுக்கம் சுழி.
உதைத்தவள் தலையிலேயே பந்து. சரி.

ஜி-யைத் தொடவில்லை.
கீழே லா பாஸுக்கும் ஆகட்டும்,
நிலவில் யாராவது விளையாடினால்
அவர்களுக்கும்.

மணி அடித்தது. மைதானம்.
அவள் உதைத்த பந்து
தகரச் சுவர் தாண்டி
நாய்கள் குரைக்கும் பக்கம் போனது.
"எவ்வளவு தூரம் இருக்கும்?" ஃபௌஸ்தோதான்.

"வி-யின் வர்க்கம்..."
மீதியைச் சொல்ல
மூச்சு போதவில்லை.