உறுதி

சுன்னாகம் சந்தைக்கு
நூறு கிலோ கொண்டுபோனால் தொண்ணூறுக்குத்தான் காசு.
பத்துக் கிலோ கழிவு.
மண்ணுக்கு, ஈரத்துக்கு, அழுகலுக்கு என்பார்கள்.
மண்ணே படாத முருங்கைக்காய்க்கும்
அதே பத்து.

ஆராவது வாய் திறந்தால்
"சும்மா நியாயம் கதைக்காதேங்கோ" என்று
தராசைத் துடைப்பார் தில்லையம்பலத்தார்.
எங்கள் ஊரில் நியாயம் கதைக்கிற சாமான்.

இப்போது அதற்கொரு முத்திரை வந்திருக்கிறது.
பச்சை நிறம், இரண்டு சென்ரிமீற்றர்,
பைக்கற்றின் வலது மூலையில் ஒட்டவேண்டும்.

நெதர்லாந்திலிருந்து வந்த மரைக்கே
அச்சுவேலியில் எங்கள் சங்கத்து உலர்த்தும் அறையில்
வெயிலில் வெந்த கழுத்தோடு நின்று
அதன் கதையைச் சொன்னாள்.
நான் மொழிபெயர்த்தேன்.
யுத்தம் முடிந்த கையோடு
தேவாலயத்துப் பெண்கள் சிலர்
ஏழை நாட்டுத் தையல் துணிகளைக்
காரில் ஏற்றிக்கொண்டுபோய் விற்றார்களாம்.
பிறகு கோப்பி. பிறகு வாழைப்பழம்.
இப்போது நீங்கள், என்றாள்.

"யுத்தம் முடிந்த கையோடு" என்றதும்
இலை உருவிக்கொண்டிருந்த பதினொரு பேரும்
நிமிர்ந்து பார்த்தார்கள்.
எந்த யுத்தம் என்று
நான் திருத்திச் சொல்லவேண்டியிருந்தது.

நன்மை இல்லையென்று சொல்லமாட்டேன்.
கணக்கு எழுதுகிறவள், பொய் எழுத வராது.
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட.
பாதிக் காசு முன்கூட்டியே.
மேலதிகப் பணத்தில் ஒரு மின்தராசு,
கொண்டி போட்ட கக்கூசு.
சுகிர்தமலரின் மகளுக்குக் கண்ணாடி வாங்கலாமோ என்று
கை தூக்கி எண்ணினோம்: ஏழுக்கு நாலு.
வாங்கினோம்.
அந்தத் தராசில் நூறென்றால் நூறு.
முதல் நாள் இலையை விட்டுவிட்டு
ஒவ்வொருத்தியாய் ஏறித்
தன்னையே நிறுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

முத்திரைக்கும் விலை உண்டு.
ஆண்டுக் கட்டணம், யூரோவில்.
ஒருநாள் இரவு அதை மொத்த இலைக்கும் பிரித்துப் பார்த்தேன்,
கல்குலேற்றரில் மூன்று தரம்.
நூறு கிலோவுக்கு எட்டுக் கிலோ சொச்சம்.
தில்லையம்பலத்தார் பத்து எடுப்பார்.
ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

கேள்வி நாற்பத்திமூன்று:
காணி உறுதியின் பிரதி இணைக்கவும்.
பன்னிரண்டாவதாகச் சேர வந்தவள் ஞானரூபி.
உறுதி வைத்திருக்கிறாள்,
ஷொப்பிங் பையால் மூன்று சுற்றுச் சுற்றி.
கிழக்கே ஒழுங்கை, வடக்கே பனை என்று
எல்லை எழுதிய உறுதி.
காணிதான் முள்ளுக்கம்பிக்கு அங்காலை,
சென்றிக்குப் பின்னால்.
இலை ஒடிப்பது தமையன் முறையானவரின் வளவில்,
வாய்ப்பேச்சுக் குத்தகை.
இருக்கிற உறுதிக்கு மரமில்லை.
இருக்கிற மரத்துக்கு உறுதியில்லை.

மரைக்கே பேனையை மூடினாள்.
அவளுக்கும் மேலே ஆரோ இருப்பார்கள்.
விதி இது, மன்னிக்கவேண்டும் என்றாள்.
விதி என்பதை மொழிபெயர்த்தேன்.
எங்கள் மொழியில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டென்பது
சொன்ன பிறகுதான் உறைத்தது.

கேள்வி நாற்பத்திநாலு:
நிலம் தொடர்பாகத் தகராறு ஏதும் உண்டா?
ஆம், இல்லை, இரண்டு பெட்டி.
அதைப் பென்சிலால் நிரப்பினேன்.

அன்று பின்னேரமே ஞானரூபி
காய்க்கட்டைச் சைக்கிள் கரியரில் வைத்து
சுன்னாகத்துக்கு உழக்கினாள்.
பத்துக் கிலோ போனது.
உறுதி கேட்கவில்லை, மிச்சக் காசு கையிலே.
மகனுக்கு டெங்கு வந்த மாதம்
துண்டுகூட எழுதாமல்
பதினையாயிரம் தந்த மனுசன் அவர் என்றாள்.
புகழ்ந்தாளா, புழுங்கினாளா, தெரியாது.

இப்போது கிழமையில் மூன்று நாள்
எங்களிடம் கூலிக்கு வருகிறாள்.
முத்திரை ஒட்டுகிற வேலை.
கூலிக்காரரைப் பற்றிப் படிவத்தில்
அரைப் பக்கம் இருக்கிறது,
அதிலும் பாதி கையொப்பத்துக்கு.
கோணாமல் ஒட்டுவாள்,
வலது மூலை, இரண்டு சென்ரிமீற்றர்.

நேற்று சைக்கிளை எடுக்கும்போது பார்த்தேன்,
ஒன்று அவளது முழங்கையில் ஒட்டிக்கிடந்தது.
சொன்னேன்.
திருப்பிப் பார்த்தாள்.
"கிடக்கட்டும், குளிக்கேக்க போகும்."