கூரை தாங்கும் எடை

செப்டம்பர் கடைசி. ஈசல்மியில்
ஏரி இன்னும் தண்ணீராகவே இருக்கிறது.
வண்டிக் கதவில் பெயர் எழுதியாயிற்று:
ஹில்க்கா. கூரைப் பனி இறக்கித் தரப்படும்.
அதன் கீழே ஓர் இணைய முகவரி,
வீடு கட்டுமுன் அடித்துவைத்த கதவிலக்கம் போல.

முகவரி எளிதில் கிடைத்தது.
ஓர்வோவைப் பிரிந்தபோது திருப்பித் தர மறந்த
அவன் குடும்பப்பெயரில்
மூன்று எழுத்துகளுக்குத் தலையில் இரட்டைப் புள்ளி.
'புள்ளி இல்லாமல் எடுங்கள், தொல்லையில்லை' என்றது திரை.
ஆறு புள்ளிகள் உதிர்ந்தன.
இந்தப் பருவத்தின் முதல் பனி அது.

இடம் பிடிப்பதுதான் பாடு.
மாதம் இரண்டு யூரோ என்கிறான் ஒருவன்.
எல்லாமே அளவில்லை என்கிறான் இன்னொருவன்,
அளவில்லைக்குப் பக்கத்தில் ஒரு பொடி நட்சத்திரம்.
அதைப் பின்தொடர்ந்து போனேன்.
பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்,
அளவு இருந்தது.
இருபது ஆண்டாகக் கூரை ஏறுகிறேன்.
அளவில்லாமல் தாங்கும் கூரையை
ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை.

இரண்டு யூரோ முதல் வருடத்துக்கு.
அப்புறம் ஒன்பது.
இதைச் சொல்ல அவனுக்கு வெட்கம்,
சாம்பல் நிறத்தில் சொல்கிறான்.

கிளவுட் என்றான் மூன்றாமவன்.
மேகத்தை நம்பிப் பிழைப்பவளிடம்
மேகம் விற்கிறான்.
சொன்ன தேதிக்கு அது வந்ததே இல்லை.

ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் ஒண்டுக்குடித்தனம்.
புரிந்தது. விவாகரத்துக்குப் பின் எட்டு மாதம்
ஒரே வீட்டில் மாடியில் அவன், கீழே நான்.
அவன் குளித்தால் என் குழாயில் வெந்நீர் நிற்கும்.
ஒரு சர்வரில் எத்தனை குடித்தனம் என்று
விலைப்பட்டியலில் எவரும் எழுதவில்லை.

பேக்கப்புக்கு விளக்கமே தேவைப்படவில்லை.
புகைபோக்கியில் ஒரு கயிறு,
எதிர்ச்சரிவுக் கொக்கியில் இன்னொன்று.
'கேட்டால் தருவோம், கட்டணம் தனி' என்றவனுக்கு
விழுந்த பிறகா கயிறு விற்பாய் என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.

இரவு ஒன்றரை. எதிர்முனையில் உர்மாஸ்.
தார்த்துவில் இருக்கிறானாம், அங்கே மழையாம்.
'நாளைக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள்?'
'நாலு பேர். அதில் ஒருத்தி நான்.'
'சின்னத் திட்டமே போதும்.'
'ஈரப்பனி விழுந்த காலையில்
பாதி ஊர் வரும். ஆறு மணிக்கும் எட்டுக்கும் நடுவே.
தாங்குமா?'
மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, துடித்தன.
'தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.'

அதுவரை பேசிய ஐந்து பேரில்
தெரியவில்லை என்றவன் இவன் ஒருவன்.

மறுநாள் எழுதினான்:
மூச்சு வாங்கும், விழாது.
முகப்பில் வைத்த ஒன்பது படங்களைச் சிறிதாக்குங்கள்,
அவைதான் எடை.
நவம்பரில் ஒரு படி ஏறிக்கொள்ளலாம்,
ஏப்ரலில் இறங்கிவிடலாம்.
ஏறி இறங்குவது என் தொழில்.
பேக்கப் தினமும், அதற்குத் தனிக்காசில்லை.
மாதம் ஆறு யூரோ. வாங்கினேன்.

பிறகு பனி வரவில்லை.
அக்டோபர் போயிற்று. நவம்பர் மழையாகவே வடிந்தது.
தளத்தை நானே திறந்தேன், நானே மூடினேன்.
இன்று வந்தவர்: ஒருவர்
என்று தினமும் என்னை எண்ணிக் காட்டியது.

டிசம்பர் நாலு, காலை ஐந்தே முக்கால்.
வண்டியின் மேல் ஒரு முழம், அதுவும் ஈரமாக.
கையுறையைப் பல்லால் கழற்றிக் கைப்பேசியைத் தட்டினேன்.
தளம் வர நேரமெடுத்தது,
ஷூ லேசைக் கட்டிக்கொண்டே வருபவன் போல.
ஆனால் வந்தது.
பதினேழு படிவங்கள் காத்திருந்தன.
முதல் படிவத்தில் தெரிந்த விலாசம்.

ஓர்வோ. 'கராஜ் கூரை முனகுகிறது. என்ன விலை?'

ஒரு தொகை எழுதினேன். குறைவுதான்.
பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்தேன்.
அடியில், கிடைத்த மிகச் சிறிய எழுத்தில்:
முதல் வருடத்துக்கு மட்டும்.