எந்த பஸ்ல?

இரவு இரண்டரை. கேத்தி பாலாடா.
மிஷின் உருள உருளச் சேறு கழன்று
கேரட் சிவந்து வருகிறது.
ஞாயிறு மேட்னியில் பார்த்த படத்தை
நாங்கள் இன்னும் கழுவி முடிக்கவில்லை.

"இடைவேளை வரைக்கும்தான் படம்"
என்கிறார் அந்தோணிமுத்து.
போன படத்துக்கும் இதையேதான் சொன்னார்,
அதற்கு முந்தினதுக்கும்.

பெள்ளிராஜுக்கு வேறு கோபம்.
"தொட்டபெட்டா, டிசம்பர் மாசம்னு காட்டுறான்.
மெல்லிசா ஒரு சட்டை, ரெண்டு பக்க வசனம்.
வாயிலேர்ந்து ஒரு பொட்டுப் புகை வரல.
செட்டுப் போட்டு ஏமாத்திட்டான்."
சொல்லச் சொல்ல அவர் வாயிலிருந்து
முழ நீளத்துக்குப் புகை.

சண்டைக்காட்சிக்குப் பரிந்து பேசும் யோகநாதன்
ஈரக் கையுறையோடு அடித்தே காட்டுகிறான்.
மூட்டை ஒன்று சரிகிறது.
மேஸ்திரி கத்துகிறார். கத்திவிட்டு,
"வில்லன் யாருப்பா, புதுசா?"

ஜோகிதான் கேட்டான்:
"அந்தப் பொண்ணு கடைசியில
அவனைத் தேடி வந்துருச்சுல்ல?"

தொடர்ந்து மூன்று ராத்திரி வேலை அவனுக்கு.
தியேட்டருக்குள் நல்ல கதகதப்பு.
அவள் செத்தபோது
அவன் தலை என் தோளில் கிடந்தது,
வாய் திறந்து.

அந்தோணிமுத்து என்னவோ சொல்ல வந்தார்.
பெள்ளிராஜ் தண்ணீர்க் குழாயை
அவர் காலடிக்குத் திருப்பினார்.

"வந்துருச்சு" என்றேன்.

"எந்த பஸ்ல?"

மேட்டுப்பாளையம் லாரி ஹாரன் அடிக்கிறது.
விறைத்த விரலால்
சாக்கு ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டிருக்கிறேன்.
கோத்துக்கொண்டே இருக்கிறேன்.