இலவசம்

ஜூலை முதல் தேதி மொன்ட்ரியாலில்
பாதி ஊர் வீடு மாறும்.
வளைந்த இரும்புப் படிகளில்
குளிர்சாதனப் பெட்டிகள் மூச்சுவாங்கி இறங்கும்.
வேண்டாதவை நடைபாதையில் நிற்கும்:
மூன்றுகால் மேசை, படமில்லாத சட்டம்,
போன வருடம்
பச்சை வெல்வெட்டில் ஒரு நாற்காலி.

இலவசம் என்று எழுதியிருந்தது.
அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான் அச்சுப்பிழை பார்ப்பவள்.
ஆயிரம் பக்க மருந்து அகராதியில்
இடம் மாறிய ஒற்றைக் காற்புள்ளியைப் பிடித்தவள்.
நாற்காலியைத் தூக்கி வந்த அன்று மட்டும்
கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் முன்கையில் மூன்று தடிப்பு,
ஒரே வரிசையில்,
ஏதோ சொல்லவந்து நிறுத்தியது போல.
கொசு என்றேன்.
புதுச் சோப்பு என்றேன்.
மருந்துக்கடையில் களிம்பு தந்தார்கள்.

செப்டம்பரில் விரிப்பை உருவியபோது
மெத்தையின் தையலோரம்
யாரோ பேனாவை உதறிய மாதிரி கரும்புள்ளிகள்.
ஈரத்துணியால் தொட்டேன்,
துருநிறத்தில் கசிந்தது.
வாக்கியமே இல்லாத முற்றுப்புள்ளிகள்.
பக்கத்தில் வெங்காயச் சருகு போல்
கழற்றிப்போட்ட சட்டைகள்.
பிறகு அது.
ஆப்பிள் விதை என்றுதான் நினைத்தேன்.
ஆப்பிள் விதை நடக்காது.

நசுக்கவில்லை. ஒட்டுநாடாவில் ஒட்டி
தேதி போட்டு வைத்தேன்.
ஆதாரமில்லாமல் நான் எதையும் திருத்துவதில்லை.

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.
சகுனேயில் இருக்கும் அக்காவிடம்கூட.
அழுக்கு வீட்டில்தானே வரும் என்பாள்.
அது அழுக்கைத் தேடுவதில்லை ஃபெர்னாந்து,
மூச்சைத் தேடி வருகிறது என்று
குளியலறைக் கண்ணாடியிடம் வாதாடினேன்.
இரவு சோபாவில் போய்ப் படுத்தேன்.
பின்னாலேயே வந்தன.
சோபாவும் போயிற்று.

அக்டோபரில் கீழ்வீட்டு ரெஜான் கதவைத் தட்டினார்.
கையில் கடுகுவிழுது பாட்டில்,
அடியில் ஒன்று, உயிரோடு.
"உங்களுடையதா?" என்றார்,
தொலைந்த பூனையை விசாரிப்பவர் போல.
உள்ளே போய் ஒட்டுநாடாவை எடுத்துவந்தேன்.
இரண்டையும் சமையல் மேசையில்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
அவர் கையில் ஒரு தடிப்புகூட இல்லை.
"சிலருக்குத் தெரியவே தெரியாதாம்" என்றார்.
கொஞ்சநேரம் கழித்து,
"சொல்லியிருக்கலாம்."
அவ்வளவுதான்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்தவும் தயாராக இருந்தேன்.
மிர்லாந்த் கொளுத்தவில்லை.
இரண்டு வீட்டிலும் வெப்பக்காற்று எந்திரம் வைத்து
ஐம்பத்தைந்து டிகிரியில்
எட்டு மணி நேரம் சுடவைத்தாள்.
அலமாரியில் எடுக்க மறந்த மெழுகுவத்தி
தலைகுனிந்து நின்றது, எனக்குப் பதிலாக.

கட்டில் கால்களுக்கு இப்போது கிண்ணங்கள்.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி உறங்குகிறேன்.
ரிமூஸ்கிக்கு வேலையாகப் போனால்
பெட்டிக்குக் குளியல்தொட்டிதான் அறை.
செருப்பைக் கழற்றுமுன்
கைப்பேசி வெளிச்சத்தில்
தலைமாட்டுப் பலகையின் முதுகையும்
மெத்தையின் நான்கு மூலையையும் வாசிக்கிறேன்.
துண்டு கொண்டுவந்த விடுதிப் பையன்
துப்பறிபவள் என்றே முடிவு கட்டிவிட்டான்.
திரும்பியதும் துணிகள் வீட்டுக்கு வருவதில்லை,
நேரே சலவைக்கடை உலர்த்திக்கு,
முழுச்சூட்டில் அரைமணி.

அந்த நாற்காலியைச் சொல்லவேண்டும்.
தேற்றமுடியாது என்றாள் மிர்லாந்த்.
பிளாஸ்டிக்கில் சுற்றி
ரெஜான் காலைப் பிடிக்க, நான் தலையைப் பிடிக்க,
மழையில் இறக்கினோம்.
ஆசைப்பட்டு யாரும் பிரித்துவிடக்கூடாதென்று
பிளாஸ்டிக்கோடு சேர்த்து
வெல்வெட்டைக் கத்தியால் கிழித்தேன்.
கிழிசலை ஒட்டிவிட்டு
சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்:
மூட்டைப்பூச்சி. எடுக்காதீர்கள்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
குடையில்லாத ஒரு பெண் நின்றாள்,
பச்சையைக் குனிந்து பார்த்தாள்,
வாசித்தாள்,
இரண்டடி பின்வாங்கி
என் ஜன்னலை நோக்கிக் கையுயர்த்திவிட்டுப் போனாள்.

அப்போதுதான் கவனித்தேன்,
அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

இறங்கிப்போய்த் திருத்தவில்லை.